செஞ்சி: ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஒரே நாளில்

வெள்ளி இரவு, புதுச்சேரி

கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற சமாச்சாரம். எங்கள் பக்கம் கேப்பர் மலை என்று ஒன்று உண்டு. பேருக்குத்தான் மலை, செம்மண் மேடு. திருவந்திபுரத்தில் ஔஷதகிரி இருக்கிறது; அதை மொட்டை போட வந்த குழந்தைகளே ஓடி ஏறிவிடும். இந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டுதான் நாளைக்குச் செஞ்சிக் கோட்டை ஏறப் போகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டையும் ஒரே நாளில் ஏறி இறங்குவதாகத் திட்டம்.

திட்டம் போட்டவன் என் தம்பி. கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போனவன் இப்போது முழுப் புதுச்சேரிக்காரன் ஆகிவிட்டான். "அக்கா, பொங்கல் கூட்டம் ஓயட்டும், அடுத்த வாரம் போறோம். அங்க ஒருத்தர் இருக்கார், கோட்டையிலயே வேலை பார்த்தவர், கூட வந்து காட்டுவார்" என்று போனில் சொன்னான். ஒன்பதாவது படிக்கிற அவன் மகளும் வருகிறாள்.

புறப்படுவதற்கு முன்னால் காலையில் தேவனாம்பட்டினம் போய்விட்டு வந்தேன். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பலர் கெடிலம் கரையில் இருக்கிற பழைய கோட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புனித டேவிட் கோட்டை என்று பெயர். அந்த இடத்தை ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. வாங்கிய விதம்தான் வேடிக்கை. பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது பேச்சு. நல்ல பெரிய பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. புதுச்சேரி போகிற வழியில் பெண்ணையாற்றுக்குப் பக்கம். டவுன் பஸ் போர்டில் அந்தப் பெயரைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

விற்ற ராஜாராம் அப்போது உட்கார்ந்திருந்த இடம் செஞ்சி. சத்ரபதி சிவாஜியின் மகன், மொகலாயப் படை துரத்தியதால் 1689 கடைசியில் அங்கே வந்து சேர்ந்தவர். அவருக்குப் பணம் தேவைப்பட்டது, கம்பெனிக்குக் கடற்கரை தேவைப்பட்டது. எங்கள் ஊரின் கிரயப் பத்திரம் ஒரு மலைமேல் இருந்தவர் கையால் முடிந்திருக்கிறது என்பதே எனக்கு இந்தப் பயணத்தில் ஆர்வம். படி ஏறுவது அதற்குக் கொடுக்கிற கட்டணம்.

மதியம் பஸ். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அப்புறம் அரியாங்குப்பத்துப் பாலம். கீழே ஓடுவது சங்கராபரணி. செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, வில்லியனூர் வழியாக இங்கே வந்து கடலில் சேருகிறது. செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். நாளைக்கு நாங்கள் போவது இந்தத் தண்ணீர் புறப்படுகிற பக்கம்.

தம்பி வீடு புஸ்ஸி வீதிக்குப் பக்கத்துச் சந்து. "புஸ்ஸின்னா யாருடி?" என்று மருமகளைக் கேட்டேன். "எங்க டியூஷன் இருக்கிற தெரு, அத்தை" என்றாள். நாளைக்கு மலைமேல் வைத்துச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

சனி இரவு, செஞ்சி

கால் இரண்டும் என்னுடையவை மாதிரி இல்லை. லாட்ஜில் வெந்நீர் வருகிறது என்று சொன்னார்கள். வந்தது, அரை வாளி. இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இருட்டோடு கிளம்பி, திண்டிவனம் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்தோம். புதுச்சேரியிலிருந்து செஞ்சி எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திண்டிவனம் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. வயலுக்கு நடுவே திடீரென்று ஒரு பாறைக் குவியல், அப்புறம் இன்னொன்று. வண்டல் மண்ணிலேயே வளர்ந்த எனக்கு இவ்வளவு கல்லை ஒரே இடத்தில் பார்ப்பதே அதிசயம்.

வழிகாட்டி டீக்கடையில் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லி, ரப்பர் செருப்பு, கையில் ஒரு மூங்கில் கழி. என் புது ஷூவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தம்பி கையில் தொங்கிய பாலிதீன் பையைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். "சார், அந்தக் கவரை மொதல்ல பைக்குள்ள போடுங்க. குரங்குக்கு அந்தச் சத்தம் போதும். உள்ள என்ன இருக்குன்னெல்லாம் அது பாக்காது."

மேலே மூன்று மலைகளும் கீழே அவற்றைச் சுற்றி வளைத்த மதிலுமாகச் சேர்ந்ததுதான் செஞ்சிக் கோட்டை. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி. மதில் மட்டும் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடுகிறது. திருவண்ணாமலை ரோடு இதற்குள்ளேயே புகுந்து போகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் கோட்டைக்குள் நுழைந்து கோட்டையை விட்டு வெளியேறுகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை.

வாயில் திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம். கல்யாண மகால், குதிரைக் கொட்டடி, நெற்களஞ்சியம் எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேகமாகத் தாண்ட வைத்தார் வழிகாட்டி அண்ணன். "வெயிலுக்கு முன்னாடி மேல போயிடணும்மா. மத்தியானத்துக்கு மேல ராஜகிரிக்கு ஏற விட மாட்டாங்க."

ராஜகிரி எண்ணூறு அடி உயரம். எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியாது. ஆனால் தரையோடு தரையாகக் கிடந்து சட்டென்று நிமிர்கிற எண்ணூறு அடி. ஆரம்பத்தில் படிகள் அகலமாக, தாழ்வாக, மரநிழலில் போகின்றன; பேசிக்கொண்டே ஏறினோம். பாதி தூரத்தில் கமலக்கண்ணியம்மன் கோயில். அதுவரை தம்பிதான் முன்னால் போனான். அதற்கு மேல் நிழல் இல்லை. படியின் உயரமும் ஒன்றைப் போல ஒன்று இல்லை: ஒன்று அரை முழம், அடுத்தது முழங்கால் அளவு, அதற்கடுத்தது பாறையிலேயே செதுக்கியது, பாதங்கள் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழி விழுந்தது. காலுக்கு ஒரு தாளம் பிடிபடுவதற்குள் படி மாறிவிடுகிறது. பழனி படி ஏறியவர்களுக்குக்கூட இது புதிதாகத்தான் இருக்கும்.

அண்ணன் ஏறுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேராக ஏறுவதில்லை. படியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் குறுக்காகப் போவார், அங்கிருந்து திரும்பி மறுபடி இடது பக்கம். எங்களைவிட நிறைய நடக்கிறார், ஆனால் மூச்சு வாங்கவில்லை. கழியை ஊன்றுவதும் இல்லை. நுனியைக் கல்லில் இழுத்துக்கொண்டே வருகிறார், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே மதில்மேல் இருந்த குரங்குகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன. மூச்சு முட்டுவதற்கு முன்னாலேயே நிற்கச் சொன்னார். நிற்கும் இடமும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். வாசலுக்கு மேல் வாசலாக வருகிறதே, அந்த வாசல்களின் உள்வளைவில் மட்டும் உட்காரலாம். அங்கே கல் குளிர்ந்திருக்கிறது, காற்றும் ஊடுருவி வருகிறது. தண்ணீர் வாய் நனைய மட்டும். பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்த தம்பியிடம், "சார், மேல போய்க் குடிக்க மிச்சம் வைங்க" என்றார்.

அப்படி உட்கார்ந்த ஒரு வாசலில், கல் இடுக்கில் விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. பேசிக்கொண்டே அதைச் சுரண்டி, வேரோடு உருவி எடுத்துப் போட்டார். பல வருஷம் தினக்கூலிக்குப் புதர் வெட்டியவராம். "மேலாக வெட்டினா ரெண்டா முளைக்கும்மா. வேரு உள்ள போயிடுச்சுன்னா பத்து வருஷத்துல கல்லைத் தள்ளிடும். பீரங்கிக்கு நின்ன சுவரு இதுக்கு நிக்காது." அதற்குப் பிறகு ஒவ்வொரு சுவரிலும் என் கண் கன்றைத்தான் தேடியது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வருகிறது அந்தப் பிளவு. உச்சிப் பாறை மலையை விட்டுப் பிரிந்து நிற்கிறது. இருபத்து நாலு அடி அகலம், அறுபது அடி ஆழம். இப்போது நடப்பதற்குப் பாலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் வேண்டும்போது எடுத்துவிடுகிற மரப்பாலம். எடுத்துவிட்டால் முடிந்தது கதை, நாலு பேர் அந்தப் பக்கம் நின்றால் போதும். பாலத்தில் நடக்கும்போது மருமகள் கீழே பார்த்தாள், நான் பார்க்கவில்லை. தாண்டியதும் இருக்கிற படிகளைக் கையையும் ஊன்றித்தான் ஏறினேன். யார் பார்த்தால் என்ன.

மேலே காற்று. களஞ்சியம், கஜானா, மணிக்கூண்டு, ரங்கநாதர் கோயில், ஓர் இரும்புப் பீரங்கி. பீரங்கியை எப்படி ஏற்றினார்கள் என்று தம்பி கேட்டான். "தூக்கிட்டு வந்தவன் பேரு எங்கயும் எழுதல சார்" என்றார் அண்ணன்.

மேற்கே நீலமாகத் தெரிந்த ஒரு குவட்டைக் காட்டி, அதுதான் அண்ணாமலை என்றார். நான் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். வயல், ஏரி, பனைமரம், அப்புறம் வெறும் மங்கல். கடல் தெரியவில்லை. தெரியாத அந்தக் கடற்கரையைத்தான் இங்கே இருந்தவர்கள் துண்டு போட்டு விற்றிருக்கிறார்கள். கடலூர்ப் பக்கத்தை ஆங்கிலேயருக்கு. மூன்று வருஷம் கழித்துப் புதுச்சேரி டச்சுக்காரர்களுக்கு. அவர்களும் முதலில் ராஜாராமிடம் உரிமையை விலைபேசி வாங்கிக்கொண்டு, 1693-இல் போய்ப் பிரெஞ்சுக்காரர்களைக் கிளப்பினார்கள். தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எங்க ஊரையும் வித்துட்டானா?" என்றான். எங்க ஊராம்!

ராஜாராமைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1690-இலிருந்து எட்டு வருஷம் மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் கீழே முற்றுகை போட்டு உட்கார்ந்திருந்தார். மதில் மேலிருந்து கீழே பார்த்தால் அந்தக் காத்திருப்பு புரிகிறது. மேலே சோறும் வெடிமருந்தும் இருக்கிறவரை கீழே இருப்பவன் ஒன்றும் செய்ய முடியாது. 1698-இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் தப்பிப் போயிருந்தார்.

இங்கேதான் புஸ்ஸி கதையைச் சொன்னேன். 1750 செப்டம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் இந்தக் கோட்டையைப் பிடித்தது. தலைமை தாங்கியவர் புஸ்ஸி. எட்டு வருஷம் மொகலாயர் காத்திருந்த இடம்! விடிந்து பார்த்தபோது, இதையா நாம் பிடித்தோம் என்று பிரெஞ்சுக்காரர்களே திகைத்தார்களாம். மருமகள் பிளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ராத்திரியிலயா? டார்ச் கூட இல்லாமயா?" என்றாள். டியூஷன் தெருவுக்கு இனிமேல் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

தம்பிக்கு இது போதாதா. "உங்க ஊர்க் கோட்டையை 58-இல் இடிச்சதும் எங்க ஆளுங்கதான்" என்று ஆரம்பித்தான். உண்மைதான், 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியதையும், அதே வருஷம் ஏப்ரலில் இந்தச் செஞ்சியையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொண்டதையும் நான் ஞாபகப்படுத்தினேன். எங்கள் இரண்டு பேர் அப்பாவும் ஒன்றுதான் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது, சிரித்தார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. முட்டி நடுங்க ஆரம்பித்தது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு பாதத்தை முழுசாக வைத்துவிட்டு அப்புறம் அடுத்ததை இறக்கச் சொன்னார். புது ஷூவுக்குள் கட்டைவிரல் முன்னால் போய் முட்டிக்கொண்டே இருந்தது. ரப்பர் செருப்புக்காரர் அது பாட்டுக்கு நடந்தார்.

டவுனில் சாப்பிட்டுவிட்டு, தம்பி "கிருஷ்ணகிரி நாளைக்கு வச்சுக்கலாமே" என்று மெல்லக் கேட்டான். மருமகள் விடவில்லை.

கிருஷ்ணகிரிக்கு ராஜகிரியை விட உயரம் குறைவு. ஆனால் மூன்று மணி வெயில், காலையில் ஏறிய கால், மறைவதற்கு மரம் கிடையாது. இங்கே ஆளும் இல்லை. ராஜகிரியோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு என்னவோ அழகு இதுதான் என்று படுகிறது. பாறையோடு ஒட்டிய படி வளைந்து வளைந்து போகிறது, திரும்புகிற இடத்திலெல்லாம் எதிரே ராஜகிரி முழுசாக நிற்கிறது. காலையில் நாம் எங்கே போனோம் என்பது இங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. எண்ணெய்க் கிணறு என்று ஒன்றைக் காட்டினார். சேமித்து வைப்பதற்காகக் கட்டிய தொட்டி, ஆள் இறங்குகிற ஆழம். உச்சியில் வளைவுகளோடும் குவிமாடத்தோடும் ஒரு மண்டபம். நாலு பக்கமும் திறப்பு. உட்கார்ந்தவுடன் வியர்வை காய்ந்துவிட்டது.

அங்கே வைத்துத்தான் தேசிங்கு ராஜா கதை. இந்த ஊரில் சிவாஜியை விட, புஸ்ஸியை விட, தேசிங்குதான் பெரியவர். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தபோது தேசிங்குக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். சில நூறு பேரை வைத்துக்கொண்டு எதிரே போனார், திரும்பவில்லை. நீலவேணிக் குதிரையையும், கல்யாண மேடையிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்த நண்பன் மோவத்துக்காரனையும் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலப் பேசினார். ஆண்டது சில மாதங்கள்தான். முந்நூறு வருஷமாகக் கூத்திலும் பாட்டிலும் நிற்கிறவர் அவர். கோட்டையை விற்றவரும் வாங்கியவரும் யார் பாட்டிலும் இல்லை.

இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரோட்டோரத்தில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கினோம். அண்ணன் அவருடைய கூலியை எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல எழுந்ததும் உக்காந்துடாதீங்கம்மா, நடந்துகிட்டே இருங்க" என்றார்.

ஞாயிறு, புதுச்சேரி

எழுந்ததும் உட்காரவில்லை. உட்கார முடியவும் இல்லை. லாட்ஜ் மாடிப்படியை நானும் தம்பியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினோம். ஒன்பதாவது படிக்கிறவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

காலையில் கீழ்க்கோட்டை மட்டும். கல்யாண மகாலின் கூம்பு முகடு, அதன் மேல்மாடி வரைக்கும் சுட்டமண் குழாயில் தண்ணீர் ஏற்றிய ஏற்பாடு. செட்டிகுளம் கரையில் தேசிங்குக்குச் சிதை மூட்டியதாகச் சொல்லும் மேடை. அப்புறம் கிழக்குப் பக்கத்து வாசல். அதற்குப் பெயரே புதுச்சேரி வாசல்! தம்பி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். கடலூர் வாசல் இல்லையா என்று நான் கேட்கவில்லை, வடக்கே இருப்பது வேலூர் வாசல் என்று தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்று பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. சிவாஜி 1677-இல் இதைப் பிடித்து மதிலைப் பலப்படுத்தியதற்கான மரியாதை. சந்தோஷம்தான். ஆனால் கோனார்களும் விஜயநகரத்து நாயக்கர்களும் கட்டி வைத்ததைத்தான் அவர் பலப்படுத்தினார், அதையும் பலகையில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம்.

வெங்கடரமணர் கோயிலில்தான் ரொம்ப நேரம் இருந்தோம். முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுரத்தின் உள்பக்கச் சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பம். உள்ளே போனால் பெரிய வெற்றிடம். தூண் இருக்க வேண்டிய பல இடங்களில் தூண் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கே என்று மருமகள் கேட்டாள். தினமும் பார்க்கிறாய் என்று சொல்லி, சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்ததும் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கின்றனவே, அந்தக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குழந்தைகள் சாய்ந்து நிற்கின்றன, யாரோ ஐஸ்கிரீம் கையைத் துடைக்கிறார்கள். அவள் ஒரு தூணைச் சுற்றி வந்து, காலையில் கோயிலில் பார்த்த மாதிரியே கொடியும் பூவும் இருக்கிறதா என்று செல்போனில் படத்தைப் பெரிதாக்கி ஒப்பிட்டாள். "எழுபது கிலோமீட்டர் மாட்டு வண்டியிலயா?" என்றாள். தம்பி வழக்கம்போல எங்கள் ஊர் என்று ஏதோ சொல்ல வந்தான். "அப்பா, இது செஞ்சியோடது" என்று முடித்துவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை, மாசி சரியான மாதங்கள், சித்திரையில் அந்தப் பாறைமேல் கால் வைக்க முடியாது. பழகிய ஷூ போடுங்கள். ராஜகிரியைக் காலையிலேயே ஏறிவிடுங்கள், கிருஷ்ணகிரியைத் தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போட்டவர்கள் யாரும் ஏறியதில்லை என்கிறார் அண்ணன். தனியாகப் போவதைவிட உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருந்தால் கால்வலி குறையாது, கதை கிடைக்கும். பஸ் எல்லாம் திருவண்ணாமலை பஸ்தான். அதனால் பௌர்ணமி அன்று மட்டும் போகாதீர்கள், செஞ்சி வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போக வேண்டியிருக்கும்.